பதினெட்டு வெள்ளை, ஒரு கறுப்பு

மார்ச் 4

அன்புள்ள சகலைக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பிக்கிறோம், நான்காவதில் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் முழுதாகப் படித்துவிடுங்கள்.

சனிக்கிழமை சபையில் அவ்வளவு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "அந்த நாற்காலிக்கு நீ லாயக்கில்லடா" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் புது வேலைக்குப் போய்விட்டீர்கள். ஒரு வருடம் வெளியூரில் இருக்கப் போகிறவர் மனைவியின் தங்கை புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும். நம் சகோதர சபையின் தலைவன் என்ற முறையில் கேட்கிறேன்: நான் செய்த தப்பு என்ன?

உங்கள் தம்பியைச் சபையில் சேர்க்க நீங்கள்தான் முன்மொழிந்தீர்கள். வழக்கம்போலப் பெட்டி சுற்றி வந்தது. பத்தொன்பது பேர் பெட்டிக்குள் கையை விட்டோம். சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, இல்லையென்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? இரண்டு வருடத்துக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். பெட்டியின் இழுப்பறையைத் திறந்தேன். பதினெட்டு வெள்ளை, ஒரு கறுப்பு. என்ன இருந்ததோ அதைச் சொன்னேன்.

உடனே நீங்கள் எழுந்து, "ரெண்டாம் சுத்து விடு" என்று கத்தினீர்கள். ஆமாம், கை தவறி விழுந்திருக்கலாம் என்று தலைவனுக்குத் தோன்றினால் அப்போதே இரண்டாவது முறை பெட்டியை அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. தலைவனுக்குத் தோன்றினால். எனக்குத் தோன்றவில்லை. என் சகலையின் தம்பிக்காக நான் இரண்டாம் சுற்று விட்டிருந்தால் மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? தலைவனாகி இரண்டாவது கூட்டத்திலேயே சொந்தக்காரனைப் பின்வாசல் வழியாக ஏற்றுகிறான் என்பார்கள். அதனால்தான் சுத்தியலைத் தட்டினேன். நீங்கள் உட்காரவில்லை. அதனால்தான் வெளியே போகச் சொன்னேன்.

அடுத்த கூட்டத்துக்குள் சபைக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். எனக்கு வேண்டாம், நாற்காலிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகலை

&nbsp;

மார்ச் 12

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கட்டளை கிடைக்கப்பெற்றேன். பணிவுடன் படித்தேன். பணிவுடன் நான்காக மடித்து ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது மேஜை ஆடவில்லை. தங்களால் விளைந்த முதல் நன்மை.

இங்கே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பதினோரு பேருக்குப் பல் செட் செய்கிறேன். மெழுகை உருக்குவதும் பல்லைப் பதிப்பதும்தான் நாள் முழுக்க. ஒருத்தர் முகமும் தெரியாது, தாடை மட்டும்தான் தெரியும். முகமில்லாத தாடைகளோடு இருப்பது, முதுகெலும்பில்லாத தலைவரோடு இருப்பதைவிட நிம்மதியாக இருக்கிறது.

அன்று என் தம்பி வெளியறை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அது தங்களுக்கு நினைவிருக்கிறதா? ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமே இல்லை. புதுச் சட்டை போட்டிருந்தான், அதில் மடிப்புகூடக் கலையவில்லை. நான் வெளியே வந்ததும், "என்னண்ணே, கை குடுக்கலாமா?" என்று கேட்டான். நான் என்ன சொல்வது? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று எங்களை வளர்த்தவள் அவள். மூன்று மாதமாக "அவனையும் உங்க சபையில சேத்துவிடு" என்று என் உயிரை எடுத்தவள்.

இரண்டாம் சுற்று விடத் தங்களுக்குத் தைரியம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயம். அதற்கு விதி, நியாயம் என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம். என் வருடத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தக் கறுப்பை யார் போட்டது என்று மூன்று நாளில் கண்டுபிடித்திருப்பேன். சபைக்குள் ஒருத்தன் ஒளிந்துகொண்டு குத்துகிறான், தலைவர் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சபை வாசலில் காவல் நிற்கிற வாசல்காரருக்கும் என் தம்பிக்கும் போன வருடம் தகராறு வந்தது எல்லாருக்கும் தெரியும். அவருடைய கடிகாரம் பழுதுபார்க்கும் கடையை மறைத்து இவன் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டான் என்று தெருவே கேட்கக் கத்தினார். சும்மா நினைவுபடுத்துகிறேன். தலைவருக்குக் கண் இருந்தால் பார்க்கட்டும்.

மன்னிப்புக் கடிதம் அனுப்பும் உத்தேசம் இல்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
முன்னாள் தலைவன்

&nbsp;

மார்ச் 21

சகலை,

"தங்கள்", "அவர்கள்" எல்லாம் வேண்டாம். நீங்கள் "நீ" என்று திட்டினாலே எனக்கு வலிக்கும். மரியாதையில் சுற்றிக் கொடுத்தால் இரண்டு மடங்கு வலிக்கிறது. அது உங்களுக்கும் தெரியும்.

இங்கே வீட்டு நிலவரத்தையும் கேளுங்கள். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் வீட்டம்மா எங்களிடம் இரவல் வாங்கிய குக்கரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூடி இல்லாமல். என் மனைவி பதிலுக்கு உங்கள் வீட்டுக் குடையை அனுப்பினாள். கம்பி உடைந்த குடை, போகும்போது உடைந்திருந்ததா வரும்போது உடைந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். "உங்க சபையில நாலு பேரு கோலி விளையாடினதுக்கு நாங்க எதுக்குப் பேசாம இருக்கணும்?" என்று நேற்றுக் கேட்டாள். பிறகு அவளே, "அக்காவே மொதல்ல பேசட்டும்" என்றாள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. கண்டுபிடிக்கத் தெரியாதவன் தலைவனா என்பதுபோல எழுதியிருந்தீர்கள். பெட்டிக்குள் யார் என்ன போட்டார் என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். சேர்ந்த அன்று எல்லாருமே கையை நீட்டிச் சத்தியம் செய்தது. இருந்தாலும் கேட்டேன். நேராக இல்லை. செயலாளரிடம் டீ குடிக்கும்போது கேட்டேன். தச்சரிடம் அவர் பட்டறையில் கேட்டேன். மருந்துக் கடைக்காரரிடம், மாத்திரை வாங்குகிற சாக்கில் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். "தலைவரே, நீங்க இதக் கேக்கலாமா?" மருந்துக் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

வாசல்காரரைப் பற்றி யோசித்தேன். அவர் வெளியே காவல் நிற்பதால் அவரைக் கடைசியாகத்தான் உள்ளே கூப்பிடுகிறோம். அவர் போட்டபின் பெட்டி நேரே என்னிடம் வருகிறது. அன்று அவர் பெட்டிக்குள் கையை விட்டு ரொம்ப நேரம் நின்றார். கை நடுங்கியது. என் கண்ணால் பார்த்தேன்.

நான் முட்டாள் இல்லை. ஆனால் முப்பது வருடமாக அந்த வாசலில் நிற்கிற மனிதர். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சகலை

&nbsp;

மார்ச் 29

சகலைக்கு,

நான் அவர் என்று சொல்லவில்லை. அவராகவும் இருக்கலாம் என்றுதான் எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கடிகாரக்காரனுக்கு வயதானால் கை நடுங்காதா?

என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கிறாய்? தலைவன் நீ. முடிவெடுப்பது உன் வேலை. எடுக்காமல் இருப்பதும் உன் வேலைதான். எதற்கெடுத்தாலும் பழைய தலைவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால், நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, நாற்காலிதான் உன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பேச்சை இத்தோடு விடலாம் என்று தோன்றுகிறது. தம்பிகூட மறந்துவிட்டான் என்று வீட்டில் சொன்னார்கள். குக்கர் மூடி அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கிறதாம். இரண்டு பேரில் யாராவது குனிந்து எடுத்தால் சரி.

வேலை அதிகம். நிறுத்துகிறேன்.

&nbsp;

ஏப்ரல் 8

சகலை,

விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கையில் கிடைத்தது. தபால்காரன் காலையில் போட்டதை யாரும் எடுத்து வைக்கவில்லை. காலையில் படித்திருந்தாலும் விட்டிருப்பேனா, தெரியாது. கோபத்தில் இருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதுபோல இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தைத் திறந்தேன். வாசல்காரரை உள்ளே கூப்பிட்டேன். வந்து நின்றார், கையில் அந்த நீளக் கோல். "இன்றிலிருந்து வாசல் பொறுப்பு வேறு சகோதரருக்குப் போகிறது, கோலைக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நான் மூன்று பேரிடம் கேட்ட கதை அதற்குள் பத்தொன்பது பேருக்கும் போயிருந்தது.

அவர் கோலைத் தரையில் ஊன்றினார். பிறகு சொன்னார்:

"நான் என்ன போட்டேன்னு இப்பவே இங்க சொல்லிட முடியும், தம்பி. ஒரு வார்த்தைதான். சொன்னா என் மேல இருக்கற பழி போயிடும். ஆனா நான் சொல்லிட்டா அடுத்தவனும் சொல்லியாகணும். அப்புறம் அந்தப் பெட்டி எதுக்கு? தூக்கி அடுப்புல போடு."

தலைவரே என்றுகூடச் சொல்லவில்லை. தம்பி என்றார். கோலை என் காலடியில் நாற்காலிப் படியின்மேல் சாத்தி வைத்தார். வெளியறையில் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சுத்தியலை மூன்று முறை தட்டினேன். மூன்று தட்டினால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பத்துப் பேர்தான் எழுந்தார்கள். தச்சர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மே மாதக் கூட்டத்தில் என்னை நாற்காலியிலிருந்து இறக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். செயலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார். என்னை இறக்கினாலும் பரவாயில்லை. ஆனால் தச்சரும் இன்னும் ஏழு பேரும், வாசல்காரர் இல்லாத சபைக்கு நாங்களும் வரமாட்டோம் என்கிறார்கள். எட்டுப் பேர் போனால் மிஞ்சுகிறவர்களை வைத்துக் கதவைக்கூடத் திறக்க முடியாது. எனக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பத்தேழாவது ஆளாக வந்து நான் கடையை மூடப் போகிறேன்.

உங்கள்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? "கண் இருந்தால் பார்க்கட்டும்" என்று எழுதிவிட்டு, பற்றவைத்தபின் "விடலாம்" என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குச் சத்தியப் பிரமாணத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த ஆள் எங்கே போனார்?

அவர்தான் போட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, தெரியாதா? ஒரே வரியில் எழுதுங்கள்.

&nbsp;

ஏப்ரல் 15

சகலைக்கு,

யாரைக் கேட்டு அந்த மனிதர் கையிலிருந்து கோலைப் பிடுங்கினாய்? நான் பிடுங்கச் சொன்னேனா? ஆளுக்கொரு கோபம் இருக்கும், கோபத்தில் ஆளுக்கொரு பேரைச் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே ஆடுவதற்கா உன்னை அங்கே உட்காரவைத்தோம்? புத்தி வேண்டாமா உனக்கு?

இந்த முதல் பத்தியை மூன்று நாளைக்கு முன் எழுதினேன். அடிக்கவில்லை, இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும். தலைக்குமேல் வெள்ளம் வந்த பிறகும் முதலில் உன்னைத்தான் திட்டத் தோன்றியது.

ஒரே வரியில் கேட்டாய். கறுப்பைப் போட்டது நான்.

முன்மொழிந்தவன் நானே. தம்பியைச் சபையில் ஐந்து நிமிடம் புகழ்ந்து பேசியவனும் நானே. பேசிவிட்டு உட்கார்ந்தேன், பெட்டி வந்தது, கறுப்பை எடுத்தேன். நாள் முழுக்கப் பல்லைத் தடவிப் பார்க்கிற விரல். கை தவறியது என்று சொல்ல முடியாது.

ஏன் என்று கேட்பாய். அவன் பிறந்ததிலிருந்து நான் "அவனோட அண்ணன்". பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். இப்போது தெருவில், கல்யாண வீட்டில், "ஓ, நீங்க ஆம்புலன்ஸ்காரரோட அண்ணனா?" என்பார்கள். அவன் சிரித்தால் நாலு பேர் கூடுவார்கள். நான் ஒரு நல்ல விஷயம் சொன்னால்கூட அவன் பக்கம் திரும்பி, அவன் தலையாட்டுகிறானா என்று பார்ப்பார்கள். அந்த ஒரு அறையில் மட்டும், பதினெட்டுப் பேர் நடுவில், நான் யாருடைய அண்ணனும் இல்லை. எல்லாரையும் சகோதரர் என்று கூப்பிடுகிற இடத்தில் எனக்குச் சொந்தச் சகோதரன் வேண்டாமென்று இருந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? முன்மொழிய மாட்டேன் என்றால் காரணம் கேட்பாள். பெட்டி காரணம் கேட்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் ரொம்ப அசிங்கம். என்னுடையதோடு இன்னும் இரண்டு மூன்று கறுப்பு விழும் என்று நம்பினேன். அவனைப் பிடிக்காதவர்கள் இல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் என்னுடையது ஒளிந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டேன். நீ இழுப்பறையைத் திறந்து "ஒரு கறுப்பு" என்றாய். பதினெட்டுப் பேருக்கு அவன் வேண்டும். அவன் வேண்டாமென்ற ஒரே ஆள் அவனுடைய அண்ணன்.

அப்போதுதான் எழுந்து கத்தினேன். நடிப்பு இல்லை சகலை, நம்பினால் நம்பு. இரண்டாம் சுற்று வந்திருந்தால் வெள்ளையைப் போட்டிருப்பேன். கையில் எடுத்துத் தயாராக வைத்ததுபோலவே இருந்தேன். நீ விடவில்லை. என் தப்பைத் திருப்பி எடுக்கிற ஒரே வழியை நீ சுத்தியலால் தட்டி மூடினாய். அந்த ஆத்திரத்தில் உன்னைத் திட்டினேன், அந்த ஆத்திரத்திலேயே வாசல்காரர் பேரை எழுதினேன். எழுதும்போது என் கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ராஜினாமாக் கடிதம் இதோடு இருக்கிறது. காரணம் வெளியூர் வேலை என்று போட்டிருக்கிறேன். வாசல்காரரிடம் எப்படியாவது கோலைத் திருப்பிக் கொடு. என் பேர் வர வேண்டாம். இதைப் படித்துவிட்டு எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

&nbsp;

மே 6

சகலை,

உங்கள் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு அரை மணி நேரம் எந்த நட்டையும் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒடித்திருப்பேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று இரண்டு மாதமாக நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள், எனக்குக் காது கேட்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தலையில் வைத்தது என் கை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் சொல்வேன்.

லிஃப்டில் ஆள் அதிகமாக ஏறினால் மணி அடிக்கும். மணி அடித்ததும் எல்லாரும் கடைசியாக ஏறியவனைத்தான் முறைப்பார்கள். அவன் ஒல்லிக்குச்சியாக இருப்பான், பக்கத்தில் நிற்பவன் இரண்டு ஆள் கனம் இருப்பான். ஆனாலும் இறங்குவது கடைசி ஆள்தான். இருபது வருடமாக இதைப் பார்த்துச் சிரிக்கிறவன் நான். கடைசியாகப் பெட்டியைத் தொட்டவர் என்பதால் அவரை இறக்கிவிட்டேன்.

வாசல்காரர் கடைக்குப் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு சின்னச் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன், நீங்க இல்ல" என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"எங்கிட்ட சொல்லாத. சொன்னேன்னா இந்த இடுக்கியாலயே குத்துவேன்."

கோலைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் தொடவில்லை. "எல்லாரும் பாக்கத்தான பிடுங்கின? எல்லாரும் பாக்கக் குடு. கடைக்கு வந்து குடுக்க இது என்ன, ரிப்பேருக்கு வந்த கடிகாரமா?"

சனிக்கிழமை அதைத்தான் செய்தேன். நாற்காலியிலிருந்து மூன்று படி இறங்கித் தரையில் நின்றேன். தலைவன் கூட்டத்தின் நடுவில் இறங்கக் கூடாது என்று விதி. இறங்கினேன். "பெட்டிக்குள் இருப்பதைக் கேட்கக் கூடாது என்று சத்தியம் செய்தவன், மூன்று பேரிடம் கேட்டேன். குற்றம் செய்யாத நாலாவது ஆளைத் தண்டித்தேன்" என்றேன். தச்சர் எழுந்து, "அப்ப போட்டது யாரு, அதச் சொல்லு" என்றார். "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன். கூச்சல். சகலைக்கும் சகலைக்கும் ரகசியமா என்று ஒருவர் கேட்டார். உங்களைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைத் தெருவில் இழுத்துப் போட்டு நாலு கேள்வி கேட்கத்தான் எனக்கு ஆசை. வாயைத் திறந்தால் அவர் சொன்னதுபோல அந்தப் பெட்டியை அடுப்பில்தான் போட வேண்டும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலைவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன். தெரிந்ததை விழுங்கிக்கொண்டு திட்டு வாங்குகிற வேலையும் அதில்தான் இருக்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கோலை வாசல்காரர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெளியே போய்த் தன் இடத்தில் நின்றார். அதன்பின் என்மேல் தீர்மானம். நீங்கள் இல்லை, நான் போடக் கூடாது. பதினேழு பேர். அவரைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். இதற்குப் பெரும்பான்மை போதும். ஒன்பது வெள்ளை, எட்டுக் கறுப்பு. ஒரு உருண்டையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பேர் என்னை வேண்டாமென்று சொன்னவர்கள், யார் யார் என்று தெரியாமல் எட்டுப் பேரோடும் என் பதவியில் மிச்சமிருக்கிற ஏழு மாதமும் பழக வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். ராஜினாமாவை ஏற்கவில்லை. நான்காக மடித்து எந்த மேஜைக்கும் வைக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தை எரித்தாயிற்று, அந்தக் கெஞ்சலுக்காக இல்லை, அப்படி ஒன்று சபையில் இருக்கக் கூடாது என்பதற்காக.

ஜூன் முதல் சனிக்கிழமை உங்கள் தம்பியின் பெயர் மறுபடி வருகிறது. முன்மொழிகிறவர் வாசல்காரர். மார்ச்சில் அவன் காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் வெளியறை பெஞ்சில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். "ஆம்புலன்ஸ எங்க வேணாலும் நிறுத்திக்கட்டும், பையன் நல்ல பையன்" என்கிறார். அவன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நீங்கள் லீவு போட்டுவிட்டு வர வேண்டும். வந்து உங்கள் இடத்தில் உட்கார வேண்டும். பெட்டி உங்களிடமும் வரும். இது சகலை கேட்பது இல்லை, தலைவன் உத்தரவு. வராவிட்டால் நானே வந்து காலரைப் பிடித்து இழுத்து வருவேன், அது சகலையாகச் சொல்வது.

&nbsp;

மே 20

சகலைக்கு,

வருகிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை வண்டி.

ஒரு விதியை மீறிவிட்டேன், அதற்கு நீ என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. தம்பியை இங்கே வரச்சொல்லி உண்மையைச் சொல்லிவிட்டேன். பல் அச்சுகள் காய்கிற அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடிக்கவில்லை, கத்தினான். அடுத்த அறையில் வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வீட்ல நீ எங்கிட்ட பேசி எத்தன வருஷமாச்சு? சாப்டியா, வண்டி எங்க நிக்குது, இவ்வளவுதான். அங்க போனாலாவது மாசத்துக்கு ஒரு சாயங்காலம் உன்கூட ஒரே ரூம்ல உக்காரலாம்னு நெனச்சேன். போடா, நீயும் உன் கறுப்பு உருண்டையும்!" என்றான். அவன் என்னை வாழ்நாளில் "டா" போட்டதில்லை.

விலகிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "ஏன் வெலகணும்? எனக்காக வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ வா. வந்து போடறதப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலிலேயே போய்விட்டான். அம்மாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை என்று வீட்டில் பேசியபோது தெரிந்தது. சொல்ல மாட்டான் என்றும் தோன்றுகிறது. அது எனக்கு அவன் கத்தியதைவிட அதிகமாக வலிக்கிறது.

பெட்டியில் என்ன போடுவேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்குப் பயம் இல்லை. பயம் அதற்கு முன்னால் இருக்கிறது. உள்ளே வர வேண்டுமென்றால் கதவை அவர் திறக்க வேண்டும். அவர் கோலைச் சாய்த்து வழிவிடும்போது நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அதனால் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே வந்துவிடுகிறேன். பெட்டியைப் பற்றி அவரிடம் மூச்சு விட மாட்டேன், அவர் கேட்கவும் மாட்டார். "தலைவருக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் பேரை எழுதியது நான்தான்" என்று அந்த வாசலில் நின்று சொல்லப் போகிறேன். அதைக் கேட்டபிறகு அவர் கதவைத் திறந்தால் உள்ளே வந்து என் இடத்தில் உட்காருகிறேன். திறக்காவிட்டால் பெட்டி சுற்றி முடியும்வரை வெளியறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தம்பியும் அங்கேதான் இருப்பான்.

உன் சகலை